மாவு அரைக்கும் நேரம்

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்கிறார்.

மாவுக்கடைக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பில் ஏறிவிடுமோ என்று கேட்டிருந்தாய். மீட்டர் கணக்கெடுக்கும் கருவிதான். பில்லைத் தீர்மானிப்பது கட்டண முறை. பழைய மீட்டரின் ரீடிங்கில் மொத்த யூனிட் மட்டும் தெரியும். புதியது எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்றும் குறித்து வைக்கும்.

அந்த நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. மதியம் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. பொழுது சாய்ந்தால் அது நின்றுவிடும். வீடுகளில் லைட்டும் ஏ.சி.யும் ஓடத் தொடங்குவதும் அப்போதுதான். அந்தச் சில மணி நேரத்துக்காக மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும், சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். நேரம் பார்க்காத கட்டணத்தில் இந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழுகிறது.

2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, சூரிய மின்சாரம் கிடைக்கும் 8 மணி நேரத்துக்குக் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும். மின் தேவை மிகுந்த உச்ச நேரத்தில் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் 20 சதவீதமாவது, வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூட வேண்டும். விவசாயத்துக்கு விலக்கு. எந்த நேரம் என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும்.

இந்தக் கட்டண முறை உன் கடைக்கு வந்தால், மாலை ஆறு மணிக்குப் போடும் கிரைண்டரை மதியமே ஓட்டலாம். மதுரை வெயிலுக்கு மாவு சீக்கிரம் புளித்துவிடும் என்பாய். ஃப்ரிட்ஜ் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றித்தான். மில் வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர் எந்த வேலையைப் பகலுக்கு மாற்றுவார்? ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர் போன்றவர்களுக்காகவும் யாராவது பேச வேண்டும். அடுத்த முறை நான் போகப்போகிறேன். இதைவிடக் கடுமையான முறையும் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸில், மின் நிறுவனங்கள் வாங்கும் மொத்த விற்பனைச் சந்தை விலையை அப்படியே வீடுகளிடம் வாங்கும் திட்டம் ஒன்று இருந்தது. 2021 பிப்ரவரிக் குளிரில் ஒரு யூனிட் 9 டாலர் வரை போய், சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அந்த ஆண்டே மாநிலம் அதைத் தடை செய்தது. நம் விதியில் இப்படி நாளுக்கு நாள் விலை தாவாது என்பது எனக்கு ஆறுதல்.

சரி, ஒரு வாரத்துக்கு எந்த மோட்டார் எப்போது ஓடியது என்று குறித்து அனுப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
பாஸ்கர்