பழைய துணி வேண்டாம், வாடகை முன்பணம் வேண்டும்

வணக்கம்.

வீடற்ற குடும்பங்களுக்கு உதவும் எங்கள் குழு தொடங்கிய புதிதில் நாங்களும் எல்லாரையும் போலப் பழைய துணிதான் கேட்டோம். குவிந்துவிட்டது. தரம் பிரிக்கவே நாலு பேர் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது ஓர் அம்மா இரண்டு உருப்படியை மட்டும் எடுத்துக்கொண்டு மூட்டையைத் திருப்பித் தள்ளினார். "இதையெல்லாம் எங்க தம்பி வைக்கிறது?" என்றார். வீடு இல்லை என்றால் அலமாரியும் இல்லை. இது அதுவரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதனால் இந்த முறை பணம்தான் கேட்கிறோம், சுற்றி வளைக்காமல். எதற்கு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

வீடற்ற குடும்பம் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்கள்தான் கண்ணில் வருவார்கள். எங்களைத் தேடி வருகிறவர்களில் பலர் அங்கே இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில், கட்டி முடியாத கட்டடத்தில், ஏதோ ஒரு காப்பகத்தில் இருக்கிறார்கள், நேற்றுவரை ஒழுங்காக வாடகை கட்டியவர்கள். ஆஸ்பத்திரிச் செலவில் கடனாகி, வேலை போய், தீயிலோ வெள்ளத்திலோ எல்லாம் போய், அல்லது அடிக்கிற கணவனிடமிருந்து இரவோடு இரவாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பி வந்தவர்கள். காப்பகத்தில் இடம் கிடைத்தாலும் நிம்மதி கிடைத்துவிடாது. பல இடங்களில் பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. பையன் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அம்மாவோடு தங்க விடமாட்டார்கள். முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவில் மகனைத் தனியே படுக்கவைக்கப் பயந்து, வெளியிலேயே எல்லாரும் சேர்ந்து படுத்துக்கொள்கிற அம்மாக்கள் உண்டு.

ஒரு பிள்ளை பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குவாள், திருட்டுப் போகாதாம். மழை அடித்த ஒரு ராத்திரி பை முழுக்க நனைந்துவிட்டது. மறுநாள் எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒட்டிப்போன தாள்களுக்கு நடுவே ஸ்கேலை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் காய வைத்தார். பேனாவில் எழுதியதெல்லாம் ஊறிக் கலைந்து போயிருந்தது, கணக்கு நோட்டில் பென்சிலில் எழுதியது மட்டும் அப்படியே நின்றது. அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுகிறாள். வகுப்பில் திட்டு விழுகிறது, ஆனால் காரணம் மட்டும் சொல்ல மாட்டாள்.

படிப்பு நிற்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவைப்படுவதில்லை. தங்கும் இடம் மாறும், பள்ளி தூரமாகும், புதுப் பள்ளி முகவரிச் சான்று கேட்கும், பிறப்புச் சான்றிதழ் பழைய வீட்டுச் சாமான்களோடு எங்கோ போயிருக்கும். அப்புறம் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஓடிவிடும். அமெரிக்காவில் இதற்கென்றே 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும், வீடிழந்த பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம், போய்வர வசதி செய்ய வேண்டும், புதுப் பள்ளி என்றால் காகிதம் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும் என்கின்றன. வீடிழந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் அதே கணக்கில் சேர்க்கின்றன. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவும், பெற்றோரால் முடியாதபோது உணவு, உடை, வீடு விஷயத்தில் அரசு கைகொடுக்க வேண்டும் என்கிறது. அரசுக் கடமையை அரசிடம் கேட்கத்தான் வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் மனு நகர்வதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடுகிறது.

சரி, பணம் எங்கே போகும்? பெரும்பகுதி வாடகை முன்பணத்துக்கு. சம்பாதிக்கிற குடும்பம் மாத வாடகையைச் சமாளித்துவிடும், முன்பணத்தை மொத்தமாகப் புரட்டத்தான் முடியாது. இதை நாங்கள் வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கட்டிவிடுவோம், காலி செய்யும்போது அது நிதிக்கே திரும்பும், அடுத்த குடும்பத்துக்குப் போகும். முதலில் வேலை தேடு, குடியை விடு, அப்புறம் வீடு பார்க்கலாம் என்று நிபந்தனை போட மாட்டோம். நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், மனநோயோடு தெருவில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று தொடங்கிய வழி அது. 2008-இல் ஃபின்லாந்து அதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. எங்களுடையது அவ்வளவு பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை, ஒரு சாவியைக் கையில் கொடுப்பதோடு சரி.

மீதியில் பிள்ளைகள் பழைய பள்ளிக்கே போய்வரப் பயணச் செலவு, அப்புறம் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிகள். பெட்டி எங்கள் அறையில் இருக்கும், சாவி குடும்பத்திடம் இருக்கும்; சான்றிதழ்களையும் நோட்டுகளையும் நனையாமல் வைத்துக்கொள்ளலாம்.

மொத்தமாக ஒரு தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட, சிறியதானாலும் மாதாமாதம் வருவது எங்களுக்கு உதவும். இத்தனை வரும் என்று தெரிந்தால்தான் வீட்டுக்காரரிடம் தைரியமாகப் பேச முடிகிறது. பணம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கு வரும். பிள்ளைகளின் படம் வராது, கேட்காதீர்கள். ஒருமுறை பை கொடுத்துப் படம் எடுத்தபோது, வாங்கிய பையாலேயே ஒரு பையன் முகத்தை மறைத்துக்கொண்டான். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

பணம் முடியாதவர்கள் விண்ணப்பம் நிரப்ப வாரம் ஒரு மணிநேரம் தரலாம். வாடகைக்கு விட ஓர் அறை இருந்தும் 'யாரோ என்னவோ' என்று தயங்குகிறவர்கள் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், முதல் சில மாதங்களுக்கு வாடகை தவறினால் குழுவே பொறுப்பேற்கும், எழுதியே தருகிறோம்.

பள்ளி திறப்பதற்குள் முதல் சுற்றை முடித்தாக வேண்டும். வங்கிக் கணக்கு விவரங்களைப் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கணக்கு அறிக்கையில் 'நண்பர்' என்று மட்டும் போட்டுக்கொள்கிறோம்.