பிழைக் குறிகளும் பேட்சோடு வரட்டும்: லினக்ஸ் டிரைவர் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் சாதன டிரைவர்களைப் பராமரிப்போருக்கும் மேன் பக்கங்கள் எனும் கையேட்டுப் பக்கங்களைப் பேணுவோருக்கும் வணக்கம்.

உங்கள் டிரைவர்களின் மேல் நிரல் எழுதும் நாங்கள், கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிய ஐஆக்டில் (நிரல்கள் சாதனத்துக்குத் தனிக் கட்டளைகள் தரும் கெர்னல் அழைப்பு) கட்டளை ஒன்றைச் சேர்க்கும் பேட்சிலேயே (நிரல் திருத்தத்திலேயே), அது எந்தெந்தப் பிழைக் குறியை (தோல்வியின் காரணத்தைச் சொல்லும் எண்ணை) எந்த நிலையில் தரும் என்ற பட்டியலும் இருக்க வேண்டும். பட்டியல் இல்லையென்றால் பேட்சை ஏற்காதீர்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட ஆவணங்களின் கதி உங்களுக்குத் தெரியாததல்ல.

(கீழே பிழைக் குறிகளின் பெயரோடு தரும் எண்கள் எக்ஸ்86, ஆர்ம் கணினிகளுக்கு உரியவை. மிப்ஸ், ஸ்பார்க், ஆல்ஃபா செயலிகளில் சில எண்கள் மாறும். அதனால் ஆவணத்தில் பெயரை எழுதினால் போதும், எண் வேண்டாம்.)

ஐஆக்டில் மேன் பக்கத்தின் பிழைப் பகுதியில் இருப்பவை நான்குதான்: ஈ-பேட்எஃப் (9, தவறான கோப்பு எண்), ஈ-ஃபால்ட் (14, தவறான நினைவக முகவரி), ஈ-இன்வால் (22, தவறான மதிப்பு), ஈ-நாட்-டிடிஒய் (25, சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை). மீதியெல்லாம் அந்தந்த டிரைவரின் பொறுப்பு. நடைமுறையில் டிரைவர்கள் பெரும்பாலும் ஈ-இன்வாலிலேயே அடைக்கலம் புகுகின்றன. மதிப்பு எல்லை தாண்டினாலும் 22, ஒதுக்கி வைத்த புலத்தில் பூஜ்யம் இல்லாவிட்டாலும் 22, சாதனம் இன்னும் தயாராகாவிட்டாலும் 22. முதல் இரண்டும் அழைத்தவரின் நிரல் பிழை, திருத்தியே ஆக வேண்டும். மூன்றாவது பிழையே இல்லை, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டால் கிடைத்துவிடும். அதற்கு ஈ-பிஸி (16) இருக்கிறது.

ஈ-இன்வாலே கூடாது என்று சொல்லவில்லை. லினக்ஸின் வீடியோ இடைமுகமான வீடியோ4லினக்ஸில் பட வடிவங்களைப் பட்டியலிடும் கட்டளையைச் சுட்டெண் 0 முதல் ஒவ்வொன்றாக ஏற்றிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஈ-இன்வால் வந்தால் பட்டியல் முடிந்தது என்று பொருள். விசித்திரம்தான். ஆனால் ஆவணத்தில் இருக்கிறது, யாரும் தடுமாறுவதில்லை.

தெரியாத கட்டளை எண் வந்தால் என்ன தருவது என்பதில் இனிக் குழப்பமே இருக்கக் கூடாது. ஈ-நாட்-டிடிஒய் தரலாம். அல்லது கெர்னலுக்குள் மட்டும் புழங்கும் ஈ-நோ-ஐஆக்டில்-கமாண்ட் (515) தரலாம். வெளியே போகும்போது கெர்னலே அதை 25 ஆக மாற்றிவிடும். இந்த இடத்தில் ஈ-இன்வாலோ ஈ-நோசிஸோ (38) தருவது தவறு என்று கெர்னலின் ஐஆக்டில் வழிகாட்டியே சொல்கிறது. ஈ-நோசிஸுக்கு ஒரே பொருள்: அப்படியொரு சிஸ்டம் காலே (நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்பே) கிடையாது. பேட்சுகளைச் சோதிக்கும் கெர்னல் கருவியான செக்பேட்ச் இதை எச்சரிக்கிறது. ஈ-நாட்சப் (524) பயன்படுத்தினாலும் எச்சரிக்கிறது. அது யூசர் ஸ்பேஸுக்கு (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்கு) தெரியாத எண். கசிந்தால் பயனருக்கு ‘அறியாத பிழை 524’ என்றுதான் திரையில் வரும். அதற்குப் பதில், ஆதரவில்லை என்று பொருள்படும் ஈ-ஆப்-நாட்சப் (95) வேண்டும்.

எங்களை அதிகம் வதைப்பது இன்னொன்று: கீழடுக்கிலிருந்து வந்த குறியை அப்படியே மேலே தள்ளிவிடுவது. சென்சார் போன்ற சில்லுகளை இணைக்கும் ஐ2சி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிழைக் குறிகளுக்குக் கெர்னலில் தனி ஆவணமே உண்டு. பஸ்ஸில் வேறொரு மாஸ்டரோடு (பரிமாற்றத்தைத் தொடங்கும் சில்லோடு) மோதித் தோற்றால் அடாப்டர் (பஸ்ஸை இயக்கும் பகுதி) ஈ-அகெய்ன் (11) தரும். முகவரிக்குப் பதில் வராவிட்டால் ஈ-என்எக்ஸ்ஐஓ (6). பஸ் அளவில் இரண்டுமே சரியான தேர்வுகள். ஆனால் சென்சார் டிரைவர் ஒன்று அவற்றை ரீட் அழைப்பின் விடையாக அப்படியே அனுப்பினால்? யூசர் ஸ்பேஸில் ஈ-அகெய்ன் என்றால் ‘தடையில்லா முறையில் திறந்திருக்கிறாய், இப்போது தரவு இல்லை’ என்று அர்த்தம். நிரல் ஒழுங்காக, தரவு வரும்வரை பொறுத்திருக்கும் ‘போல்’ அழைப்புக்குப் போய்க் காத்திருக்கும். வராத நிகழ்வுக்குக் காலவரையின்றிக் காத்திருக்கும். ஈ-என்எக்ஸ்ஐஓ வந்தால் சாதனமே இல்லை என்று எண்ணிக் கோப்பை மூடிவிடும். உண்மையில் சென்சார் ஒரு கணம் பதில் சொல்லாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். மோதலுக்கு டிரைவரே சில முறை முயன்று பார்க்கட்டும்; அப்படியும் முடியாவிட்டால் ஈ-ஐஓ (5) ஆக மாற்றி அனுப்பட்டும். எதை எதுவாக மாற்றியது என்பதும் ஆவணத்தில் வர வேண்டும்.

ஆகவே மூல நிரலில் ‘ரிட்டர்ன்’ வரிகளை மட்டும் தேடிப் பட்டியல் எடுத்தால் பாதிதான் கிடைக்கும். அழைக்கப்படும் ஒவ்வொரு செயற்கூறையும் பின்தொடர வேண்டும். சிக்னலால் (நிரலுக்கு இடையில் வரும் அறிவிப்பால்) கலையக்கூடிய மியூடெக்ஸ் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) ஈ-இன்டர் (4, இடையில் தடைப்பட்டது) தரும். சிக்னலால் கலையக்கூடிய காத்திருப்பு ஈ-ரீஸ்டார்ட்-சிஸ் (512) தரும். சிக்னல் கையாளியின் அமைப்பைப் பொறுத்துக் கெர்னல் அழைப்பை மறுபடி தொடங்கும், அல்லது ஈ-இன்டராக மாற்றும். ஆவணத்தில் எழுத வேண்டியது ஈ-இன்டர் மட்டுமே. பயனர் நிரலின் நினைவகத்துக்குத் தரவை நகலெடுக்கும் காப்பி-டு-யூசர் பிழைக் குறியே தராது, நகலாகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும். அதை நேரே ரிட்டர்ன் செய்தால் அழைத்தவருக்கு நேர்ம எண் போகும்; பிழையைக் காட்டும் மைனஸ் 1 தானா என்று மட்டும் பார்க்கும் நிரல் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும்.

கோப்பை மூடும் இடத்திலும் ஒரு பொறி. கோப்பின் கடைசிப் பயன்பாடு முடியும்போது ஓடும் ரிலீஸ் செயற்கூறு தரும் மதிப்பைக் கெர்னல் கண்டுகொள்வதில்லை. குளோஸ் அழைப்புக்குப் பிழை போய்ச் சேர வேண்டுமென்றால், ஒவ்வொரு குளோஸிலும் ஓடும் ஃப்ளஷ் செயற்கூறில் தர வேண்டும். குளோஸ் ஈ-இன்டர் தந்தாலும் லினக்ஸில் அந்தக் கோப்பு எண் விடுவிக்கப்பட்டுவிட்டது. மறுபடி மூட முயன்றால், இடையில் வேறு த்ரெட் (அதே நிரலின் இணை ஓட்டம்) திறந்த கோப்பு மூடப்படலாம்.

பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் நாங்கள் தேடுவது காரணத்தை மட்டுமல்ல. பிழைக்குப் பின் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம்? வீடியோ4லினக்ஸில் பஃபரை (படத் தரவுக்கான நினைவகப் பகுதியை) திரும்ப எடுக்கும் டிகியூபஃப் கட்டளையின் ஈ-ஐஓ பதிவு நல்ல முன்மாதிரி. வீடியோ சிக்னல் இழப்பு போன்ற தற்காலிகச் சிக்கலாகவும் இருக்கலாம், பிழை தந்தபோதும் பஃபர் வரிசையிலிருந்து வெளியேறியிருக்கலாம், படப்பிடிப்பே நின்றிருக்கலாம், அந்தப் பஃபரை மீண்டும் பயன்படுத்துவது ஆபத்து. மீளக்கூடிய பிழையென்றால் பஃபரில் பிழைக் கொடியை ஏற்றி 0 தரும்படி டிரைவர்களுக்கும் அங்கேயே பரிந்துரைக்கிறது. யுஎஸ்பி பிழைக் குறி ஆவணமும் இதே தரம்: ஸ்டால் ஆனால் (சாதனம் கோரிக்கையை ஏற்காமல் நின்றால்) ஈ-பைப் (32), சாதனத்தைப் பிடுங்கிவிட்டால் ஈ-நோடெவ் (19) எனப் பிரித்துச் சொல்கிறது.

ஒரே குறிக்கு இரண்டு காரணங்கள் இருந்தால் இரண்டு பதிவுகளாக எழுதுங்கள். மேன் பக்க வழிமுறையும் அதைத்தான் விரும்புகிறது. இரண்டு தவறுகள் ஒருசேர நிகழ்ந்தால் எந்தக் குறி முதலில் வரும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சோதனைகளின் வரிசை நாளை மாறலாம்.

குறியை மாற்றுவது சின்ன வேலை என்று நினைப்போருக்கு 2012 டிசம்பரை நினைவூட்டலாம். கேமரா டிரைவர் திருத்தம் ஒன்றால் ஒரு ஐஆக்டில், ஈ-இன்வாலுக்குப் பதிலாக ஈ-நோஎன்ட் (2, அப்படியொரு கோப்பு இல்லை) தரத் தொடங்கியது. யூசர் ஸ்பேஸ் நிரல்கள் உடைந்தன. கோப்புப் பாதைக்கு உரிய குறியை ஐஆக்டில் தரவே கூடாது, யூசர் ஸ்பேஸை உடைக்கவும் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகவே எழுதினார். வெளியே போன குறி ஒப்பந்தமாகிவிடுகிறது, எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

எழுதியதைச் சரிபார்க்கக் கருவிகள் இருக்கின்றன. கெர்னலின் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் வசதியில் ஃபெயில்ஸ்லாப் (நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிப்பது), ஃபெயில்-யூசர்காப்பி (பயனர் நினைவக நகலெடுப்பைத் தோற்கடிப்பது) இரண்டையும் இயக்கினால் ஈ-நோமெம் (12), ஈ-ஃபால்ட் வழிகளை ஓட்டிப் பார்த்துவிடலாம். வீடியோ டிரைவர்களுக்கு வி4எல்2-கம்ப்ளையன்ஸ் சோதனை நிரல் உண்டு. எங்கள் பக்கத்து நிரல்களை, சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் கருவியின் இன்ஜெக்ட் (பிழை புகுத்தும்) வசதியால் நாங்கள் சோதித்துக்கொள்வோம். ஆனால் எந்தக் குறியைச் செலுத்திப் பார்ப்பது என்று தெரிய உங்கள் பட்டியல் வேண்டும்.

பழைய டிரைவர்களுக்கு வரைவுப் பட்டியலை நாங்களே எடுத்து அனுப்புகிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ‘இது நோக்கத்தோடு தருவது’ அல்லது ‘இது கசிவு, திருத்த வேண்டும்’ என்று குறித்துத் தாருங்கள். அதை நிரலைப் பார்த்து நாங்கள் ஊகிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்களின் மேல் நிரல் எழுதுவோர்