காலண்டர் தாளை மடித்துக் கொடுத்த தம்பிக்கு

நைனா நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். அவர் எழுந்திருப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பணம் புரட்டிக் கொடுத்த தண்டையார்பேட்டை சொந்தங்கள், ரத்தம் கொடுக்க ஓடி வந்த காசிமேட்டுப் பையன்கள், வார்டு வாசலில் என்னோடு விடிய விடிய உட்கார்ந்திருந்த மாடிவீட்டு அக்கா, டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், எல்லோருக்கும் கோடி நன்றி. வீடு தேடி வந்து சொல்வேன்.

இந்த மடல் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் தம்பிக்கு.

தம்பி, நாலு வருஷத்துக்கு முன் நைனா வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியபோது, வயிற்றைக் கிழிக்காமல் தொடை வழியாகவே அந்த ரத்தக்குழாய்க்குள்ளே ஒரு துணிக்குழாய் வைத்தார்கள். சீக்கிரம் எழுந்து நடந்தார். ஆனால் அப்படி வைத்தால் ஆயுசுக்கும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் நகரலாம், ஓரத்தில் கசியலாம், வலியே தெரியாது. டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இரண்டு வருஷம் போனோம். அப்புறம் 'நல்லாத்தானே இருக்கேன்' என்றார் நைனா. நானும் விட்டுவிட்டேன்.

ஜனவரியில் பிரஷர் மாத்திரை வாங்க வந்தபோது, "நைனாவுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா அக்கா?" என்று கேட்டாய். மழுப்பினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. கடைக் காலண்டரைப் புரட்டி, மே மாதத்தில் ஒரு தாளின் மூலையை மடித்து, ராகுகாலத்துக்கு மேலே சிவப்புப் பேனாவில் 'நைனா ஸ்கேன்' என்று எழுதிக் கொடுத்தாய்.

தினமும் தாள் கிழிப்பது நைனாதான். அன்றைக்கு மட்டும் கிழிக்காமல் வந்து, "ஆட்டோ சொல்லும்மா" என்றார்.

மேல்முனையில் கசிவு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. மேலே இன்னொரு துண்டுக் குழாய் பொருத்திவிட்டார்கள். "ஒட்டுப் போட்டிருக்காங்க" என்றார் நைனா, எம்.சி. ரோடில் 40 வருஷம் தைத்தவர். 1950களில் டிபேக்கி என்ற அமெரிக்க டாக்டர் டேக்ரான் துணியை வாங்கி, தையல் மெஷினில் தானே இந்த மாதிரிக் குழாய் தைத்தாராம். அதை டாக்டர் சொன்னதும் நைனா முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தாளை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. அடுத்த ஸ்கேன் ஒரு மாதத்தில். நாளைக்குக் காலண்டரை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறேன். அந்தத் தாளையும் நீயே மடித்துக் கொடு, தம்பி.