ஊதத் தெரியாதது யாருக்கு?

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அங்கும் நலம் என்று உன் கடிதத்தில் பார்த்தேன். நாலு மாதமாய்ப் பதில் போடாதது தப்புதான், நேரில் வரும்போது திட்டித் தீர்த்துக்கொள். இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ அனுப்பிய ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதவைத்து நுரையீரலை அளக்கும் சோதனை) கிராஃப்களில் பாதியைத் தரம் பார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதிவிட்டு, "நம்ம பேஷண்டுகளுக்கு ஊதவே தெரியலை" என்று ஒரே வரியில் கதையை முடித்திருக்கிறாய். ரெண்டு நாளாய் அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்மைப் பழக்கிய பெரியவர் காதில் விழுந்திருந்தால், நாம் சேர்ந்து வேலை பழகிய அந்த மூன்றாம் மேசைக்கே உன்னை மறுபடி அனுப்பியிருப்பார்.

உன் ட்ரையல் ஐபிஎஃப், அதாவது காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறி விறைக்கும் நோய் உள்ளவர்களுக்கான மருந்துச் சோதனை. அதில் தேடுகிற வித்தியாசம் எத்தனை சின்னது என்பதை முதலில் பார். 2014-இல் வந்த இன்பல்சிஸ் ஆய்வுகள் இரண்டில் முதலாவதை எடுத்துக்கொள். 52 வாரம். நிண்டெடானிப் மருந்து எடுத்தவர்களுக்கு எஃப்.வி.சி. (நெஞ்சு நிரம்ப இழுத்து முழுசாய் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) ஆண்டுக்கு 114.7 மி.லி. வீதம் குறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 239.9 மி.லி. மருந்து ஒரு வருடத்தில் மிச்சப்படுத்திக் கொடுத்தது சுமார் 125 மி.லி. இன்னொரு பக்கம், ஒரே நாளில் ஒரே நாற்காலியில் ஊதிய மிகச் சிறந்த இரண்டு ஊதலுக்கு நடுவே 150 மி.லி. வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்களின் 2019 தர விதியே சொல்கிறது. இந்தத் தவறு முன்னும் பின்னுமாய்ச் சிதறினால், ஆட்கள் நிறைய இருக்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே பக்கமாய்ச் சாய்ந்தால் போகாது. முதல் விசிட்டில் நன்றாக ஊதவைத்த டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய், எட்டாம் மாதத்தில் வந்தவர் அரைகுறையாய் ஊதவைத்தால், உன் தரவில் அது நோய் முற்றியதாகத்தான் பதியும். எந்தப் புள்ளியியல் நிபுணராலும் அதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

சரி, ஊதலுக்கு வா. எஃப்.வி.சி.யைக் கெடுப்பதில் முதலிடம், மூச்சை முழுசாய் இழுக்காமலே ஊத ஆரம்பிப்பது. இதில் என்ன கொடுமை என்றால், கிராஃப் அழகாகவே வரும். கூரான உச்சி, சுத்தமான சரிவு, கடைசியில் சமதளம் எல்லாம் இருக்கும், அளவு மட்டும் 200 மி.லி. குறைந்திருக்கும். இதைப் பிடிக்கத்தான் ஊதி முடித்ததும் மவுத்பீஸை எடுக்காமல் மறுபடி முழுசாய் இழுக்கச் சொல்கிறார்கள். அந்தக் கடைசி இழுப்பு, ஊதிய அளவைவிட 100 மி.லி.க்கு மேலோ 5 சதவீதத்துக்கு மேலோ (இரண்டில் எது பெரிதோ அது) அதிகமாய் இருந்தால், ஆரம்பத்தில் நெஞ்சு நிரம்பவில்லை என்று அர்த்தம். அந்த ஊதல் செல்லாது. உன் டெக்னீஷியன் இந்தக் கடைசி இழுப்பைச் செய்ய வைக்கிறாரா? நீ அனுப்பிய மாதிரித் தாளில் வளைவு கீழ்ப் பக்கம் இறங்கவே இல்லையே.

அவர் எங்கே பார்க்கிறார் என்பதையும் கவனி. திரையைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். "இழுங்க, இன்னும், இன்னும், நெஞ்சு முட்ட இழுங்க" என்று சொல்லும்போது தோள் ஏறுகிறதா, கண் விரிகிறதா, உதட்டு ஓரம் கசிகிறதா என்பது முகத்தில்தான் தெரியும். நிரம்பியதும் இரண்டு விநாடிக்கு மேல் அடக்கி வைக்க விடாமல், வெடித்தாற்போல் ஊதச் சொல்ல வேண்டும். நீ இன்னும் மெழுகுவத்தியை அணைக்கிற கணக்கில் மெல்ல ஊதத்தான் சொல்லிக்கொடுக்கிறாயோ என்னவோ! அதற்கப்புறம் குரலைத் தணித்து, "விடாதீங்க, இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்று இழுத்துப் போக வேண்டும். கடைசிவரை கத்திக்கொண்டே இருந்தால் தொண்டை இறுகி மூடிக்கொள்ளும், கிராஃப் செங்குத்தாய் விழும்.

ஆறு விநாடி ஊதியே ஆக வேண்டும் என்கிற பழைய பிடிவாதத்தையும் விட்டுவிடு. தழும்பேறி விறைத்த நுரையீரல் சீக்கிரமே காலியாகிவிடும், மூன்று நாலு விநாடியில் சமதளம் வந்துவிடலாம். கடைசி ஒரு விநாடியில் 25 மி.லி.க்கு மேல் காற்று வராவிட்டால் ஊதல் முடிந்தது. அதற்கு மேலும் விரட்டினால் தலைசுற்றல்தான் மிச்சம். சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைபடும் நோய்) உள்ளவர் விஷயம் வேறு, அவருக்கு 15 விநாடி வரைகூட ஓடும்.

அடுத்தது இருமல். ஐபிஎஃப்காரர்களுக்கு ஆழமாய் இழுத்தாலே இருமல் வரும். முதல் விநாடிக்குள் இருமினால் எஃப்.இ.வி.1 (முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு) கெட்டது, எஃப்.வி.சி. செல்லும். உன் ட்ரையலின் முதன்மை அளவீடே எஃப்.வி.சி. என்னும்போது அந்த ஊதல்களை ஏன் தூக்கிப் போட்டீர்கள்? ஒருவரை எட்டு முறைக்கு மேல் ஊதவைக்காதே. நடுவில் தண்ணீர் கொடு, ஒரு நிமிடம் உட்கார விடு. மூன்று நல்ல ஊதல் கிடைத்து, பெரிய இரண்டும் 150 மி.லி.க்குள் ஒத்துப்போனால் அதோடு நிறுத்து.

கருவிப் பக்கம் வருகிறேன், இங்கேதான் எனக்குச் சந்தேகம் அதிகம். தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சை வைத்துச் சரிபார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை வேகத்தில்? ஒரே வேகத்தில் மூன்று தடவை தள்ளுவது சோதனை ஆகாது. ஒருமுறை ஆறு விநாடி எடுத்து மெல்ல, ஒருமுறை நடுத்தரமாய், ஒருமுறை ஒரு விநாடிக்குள் வேகமாய். மூன்றிலும் 2.91-க்கும் 3.09-க்கும் நடுவே வர வேண்டும். காற்று ஓடாதபோது கருவி காட்ட வேண்டிய பூஜ்ஜியம் நகர்ந்திருந்தால், மெல்லத் தள்ளும்போது காட்டிக்கொடுக்கும். ஊதும்போது போடுகிற அதே ஃபில்ட்டரை மாட்டித்தான் சோதிக்க வேண்டும். இன்னொன்று, கருவி பூஜ்ஜியம் பிடிக்கும் சமயத்தில் நோயாளி மவுத்பீஸில் மூச்சு விட்டாலோ, கையில் பிடித்து ஆட்டினாலோ, கிராஃப் சமதளத்துக்கு வராமல் நேர்கோடாய் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து "ஆஹா, நல்ல எஃப்.வி.சி." என்று ஏமாறாதே.

வெப்பநிலையை யார் பதிகிறார்கள்? வெளியே வரும் காற்று குளிர்ந்து சுருங்குவதைச் சரிக்கட்டக் கருவி ஒரு எண்ணால் பெருக்குகிறது. அறை 20 டிகிரி என்றால் 1.102, 30 டிகிரி என்றால் 1.045. 30 டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு, என்றோ பதிந்த 20-ஐ மாற்றாமல் விட்டால் அளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடும். இரண்டு லிட்டர் எஃப்.வி.சி.யில் அது 100 மி.லி.க்கும் மேல். மருந்தின் ஒரு வருடப் பலன் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அலைச்சல் குறையட்டும் என்று வீட்டிலேயே ஊதவைக்கலாம் என்று கேட்டிருந்தாய். மனசு நல்ல மனசுதான். ஆனால் 2020-இல் வெளியான பிர்ஃபெனிடோன் மருந்தின் ஆய்வை நினைவில் வை. வகைப்படுத்த முடியாத நுரையீரல் நார்த்தழும்பு நோயுள்ள 253 பேர், 24 வாரம், தினமும் வீட்டில் கைக்கருவியில் ஊதினார்கள். அந்த அளவுதான் முதன்மை அளவீடு. சிலருடைய எண்கள் உடம்பால் முடியாத அளவுக்குத் தாறுமாறாய் இருந்ததால், திட்டமிட்ட கணக்கையே அதன் மேல் போட முடியவில்லை. அத்தனை பேர் மூச்சுப் பிடித்து ஊதிய ஆறு மாத உழைப்பு அது! செய்வதானால் வீடியோ அழைப்பில் ஒருவர் கூடவே இருந்து ஊதவைக்கட்டும், கிராஃபும் சேர்ந்து வரட்டும். எண்ணை மட்டும் வாங்கி வைக்காதே. மருத்துவமனை விசிட்டுக்கு மாற்றாக அதை வைக்காதே.

மருந்தை நிறுத்தியவர்களை விசிட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதை வாசித்ததும் திக்கென்றது. நிற்பவர்கள் பெரும்பாலும் முடியாமல் போனவர்கள். 2007-இல் வந்த டார்ச் ஆய்வில் மூன்று வருடத்தில் மருந்தில்லாத போலி மருந்து எடுத்த சிஓபிடி நோயாளிகளில் 44 சதவீதம் பேர் பாதியில் நின்றார்கள், கூட்டு மருந்து எடுத்தவர்களில் 34 சதவீதம் பேர். நின்றவர்களை விட்டுவிட்டால் கடைசியில் தெம்பானவர்களை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பாய். மாத்திரையை விட்டாலும் விசிட்டை விட வேண்டாம் என்று அவர்களிடம் பேசு. வர முடியாதவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்ய ஸ்பான்சரிடம் கேள். மூச்சு வாங்க வாங்க வந்து உட்கார்ந்து, நமக்காக எட்டு தடவை ஊதிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் ஊதியது வீணாகக் கூடாதுடா.

அடுத்த வாரம் வரும் முதல் மூன்று பேரின் எல்லா ஊதல்களையும் எனக்கு அனுப்பு. பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடு. நல்லதை மட்டும் பொறுக்காமல், தள்ளிய ஊதல்களையும் சேர்த்து அனுப்பு. கூடவே கேலிபிரேஷன் பதிவேட்டில் கடைசி ஒரு மாதப் பக்கங்களும் வேண்டும், வெப்பநிலைக் கட்டம் தெரிகிற மாதிரி படம் எடுத்து.

அன்புடன்,
உன் மூன்றாம் மேசைத் துணை