நம் எலி வரிசையை நிறுத்துகிறேன், அக்கா

அன்புள்ள அக்கா,

நீங்கள் தொடங்கி வைத்த, ஒரு மரபணுவில் கோளாறுள்ள சுண்டெலி வரிசையை இந்த மாத இறுதியோடு நிறுத்திவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். விந்தணுக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் வேலை முடிந்தது. கூண்டுகளில் மிச்சமிருக்கும் எலிகளை இனி இணைசேர்க்கப் போவதில்லை. ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு நேற்றுதான் சொன்னேன். துறையில் மற்றவர்கள் காதுக்குப் போவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினேன். உங்கள் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. நான் இங்கே எழுதுவதை நீங்கள் எப்போதாவது படிப்பதாக நம் இருவரையும் அறிந்த ஒருவர் சொன்னார். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

அந்த மரபணு என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் ஏன் போனீர்கள் என்பதும் நமக்குள் தெரிந்ததே. அதை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை.

ஆனால் முடிவெடுத்த நாளிலிருந்து, எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாலும், அந்த ஒரு இரவு வந்து முன்னால் நிற்கிறது. நான் சேர்ந்த முதல் ஆண்டு. கருவுற்ற எலிக்குப் பதினைந்தாம் நாளில் பி.ஆர்.டி.யு. என்ற அடையாளப் பொருளை ஊசி போட்டு, பிறந்த குட்டிகளின் மூளையை ஒரு வாரம் கழித்து எடுத்து, உறைநிலையில் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் சீவி, ஸ்லைடுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்திருந்தோம். அமிலம் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்துவிட்டால்தான் பி.ஆர்.டி.யு.வைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி உள்ளே போய் ஒட்டும் என்பதைக்கூட அன்றுதான் உங்களிடம் கற்றேன். ஊசி போட்ட நேரத்தில் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்த உயிரணுக்களில் மட்டும் அந்த அடையாளம் பதியும்; அதன்பின் பிரிவதை நிறுத்தி நியூரானாக (நரம்பணுவாக) மாறியவை அதை வாழ்நாள் முழுவதும் சுமக்கும். பதினைந்தாம் நாளில் பிறந்தவை, தமக்கு முன்பே பிறந்து அடுக்கடுக்காக அமர்ந்துவிட்ட மூத்த நியூரான்களைத் தாண்டி, மேலடுக்குகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மூளையின் வெளிப்பகுதியான புறணி இப்படி உள்ளிருந்து வெளியே கட்டப்படுகிறது என்று 1961இல் ஆய்வாளர்கள் ஆஞ்செவைனும் சிட்மனும் காட்டியதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

இயல்பான குட்டியின் மூளையில் பச்சைப் புள்ளிகள் மேற்பரப்பை ஒட்டி அடர்ந்து கிடந்தன. கோளாறுள்ள குட்டியின் அடுத்த ஸ்லைடில் மேலே சில புள்ளிகள் மட்டுமே இருந்தன. மற்றவை ஆழத்தில், வெண்பொருளுக்குள் சிதறிக் கிடந்தன. சாயம் சரியாக ஏறவில்லை என்று நான் சொன்னேன். நீங்கள் பதில் சொல்லாமல் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு, ஒளிர்வு மங்கிவிடக் கூடாதென்று நுண்ணோக்கியின் விளக்கை மறைத்துவிட்டு, அந்த இருட்டறையில் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். “இவை வழி தவறவில்லை. கிளம்பியிருக்கின்றன, நடுவழியில் நின்றுவிட்டன” என்றீர்கள். நான் துள்ளிக் குதிக்கும் நிலையில் இருந்தேன். நீங்கள் என்னைக் குதிக்க விடவில்லை. ஸ்லைடுகளின் பெயர்ப்பட்டைகள் எல்லாவற்றின் மேலும் காகித நாடாவை ஒட்டி, புது எண்களை எழுதி, எந்த எண் எந்தக் குட்டி என்ற தாளை மடித்து உங்கள் பையில் வைத்துக்கொண்டு, “எது எதுவென்று தெரியாமல் எண்ணு. தெரிந்து எண்ணினால் உன் ஆசைதான் எண்ணும்” என்று சொன்னீர்கள்.

விடியும்வரை எண்ணினேன். என் கண் எரிந்தபோது நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்து எண்ணினீர்கள். இடையிடையே, கையுறைப் பெட்டியின் மூடியில் ஒரு படம் வரைந்து காட்டினீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1998இல், டபுள்கார்ட்டின் மரபணு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதில் கோளாறுள்ள ஆண் குழந்தைகளுக்கு மடிப்புகள் இல்லாத வழவழப்பான மூளை அமைகிறது. பெண் குழந்தைகளிடம் ஒவ்வொரு உயிரணுவும் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துவதால், நல்ல பிரதியைப் பயன்படுத்தும் நியூரான்கள் மேலே போய்ச் சேர்கின்றன. மற்றவற்றில் பல பாதி வழியில் தங்கி, புறணிக்குக் கீழே இன்னொரு புறணிபோல ஒரு பட்டையாகப் படிகின்றன. அந்தப் பெண் குழந்தைகளில் பலருக்கு வலிப்பு வருகிறது. “நின்றுவிட்ட உயிரணுவும் உயிரோடுதான் இருக்கிறது, இணைப்புகளை உண்டாக்குகிறது. அதனால்தான் வலிப்பு” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பட்டையைப் பேனாவால் அழுத்தி நிரப்பினீர்கள். நான் இந்தத் துறையில் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு அந்த அட்டைப்பெட்டி மூடிதான் காரணம். எந்தப் பேராசிரியரின் விரிவுரையும் எனக்கு அதைச் செய்யவில்லை.

காலையில் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தபோது எண்ணிக்கை இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரிந்து நின்றது. நீங்கள் சிரித்தீர்கள். அவ்வளவு நேரமும் நீங்கள் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தீர்கள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு 2001. வளரும் மூளையில் உள்ளிருந்து மேற்பரப்புவரை நீண்டிருக்கும் ஆரக் கிளியா உயிரணுக்கள் நியூரான் ஏறிப்போகும் சாரக்கட்டு மட்டுமே என்று நாம் படித்திருந்தோம். 1972இல் ராக்கிச் என்ற ஆய்வாளர் குரங்குக் கருவில் காட்டிய படங்களை நீங்கள் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தீர்கள். அந்தக் கிளியாக்களே நியூரான்களைப் பிறப்பிக்கின்றன என்ற செய்தி வந்த வாரம், ஆய்வகக் கூட்டத்தில் உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிறக்கும் நியூரான் தன் தாயின் உடலைப் பற்றிக்கொண்டே மேலே ஏறுகிறது என்று சொன்னீர்கள். நம் எலியில் கோளாறு ஏறும் பிள்ளையிடமா, தாங்கும் தாயிடமா என்ற கேள்வி அன்று பிறந்தது. அந்தக் கேள்வியை என் மேசையில் வைத்துவிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதை நான் மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை, அக்கா. நீங்கள் போனதற்காக அல்ல. போகப்போவதாக எனக்குச் சொல்லாததற்காக. திங்கட்கிழமை வந்தபோது உங்கள் மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. குறிப்பேடுகளின் மேல் என் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. அதில் வேறு ஒரு சொல்கூட இல்லை.

கட்டுரை 2003இல் வெளிவந்தபோது உங்கள் பெயர் இரண்டாவதாக இருந்ததைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அந்த ஆய்வகத்தில் அப்போது இருந்தவர்கள் இதைப் படிப்பார்கள். ஆகவே நெறியாளரின் அறைக்குள் பேசப்பட்டதை எழுத மாட்டேன். பெயர் வரிசையை நான் முடிவு செய்யவில்லை என்பதும், அதை எதிர்த்து நான் பேசக்கூடிய அளவுக்குப் பேசவில்லை என்பதும் உண்மை. அதற்காக வருந்துகிறேன். ஆனால் மதிப்பீட்டாளர்கள் கேட்ட சோதனைகள் ஒவ்வொன்றையும் தனியாகச் செய்தது நான்தான். உயிரணுக்கள் தாமதமாகப் பிறக்கின்றனவா, பிறந்தபின் நிற்கின்றனவா என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. கருவில் இருக்கும் குட்டியின் மூளைக்குள் மரபணுவின் நல்ல பிரதியைச் செலுத்தி மின்துடிப்பால் உயிரணுக்களுக்குள் புகுத்தும் முறை அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. கற்றுத்தர யாரும் இல்லாமல் அதைக் கற்றேன். நல்ல பிரதியைப் பெற்ற உயிரணுக்கள் மேலே ஏறின. சுற்றியிருந்த கிளியாக்களில் பல மாறாமலேயே இருந்தும் ஏறின. அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்று அன்று எவ்வளவு ஏங்கினேன் என்பதையும், நீங்கள் பார்க்க முடியாமல் போனது உங்கள் செயலால்தானே என்று எவ்வளவு கோபப்பட்டேன் என்பதையும் இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் இடம் உங்களுக்கு நியாயமா என்று கேட்டால், இல்லை. முதல் இடம் எனக்கு அநியாயமாகக் கிடைத்ததா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன்.

உங்கள் எலியை வைத்தே நான் வாழ்ந்துவிட்டேன் என்று சிலர் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. வாழ்ந்தேன்தான். என் ஆய்வகத்திற்கு வரும் ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்தில் காகித நாடாவை ஒட்டி எண் எழுதத்தான் கற்கிறார்கள்; அது யாருடைய வழக்கம் என்று சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

நிறுத்துவதற்கான காரணத்தை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் போன மறு ஆண்டே அதன் முதல் அடையாளம் தெரிந்தது. மனிதக் குழந்தையின் மூளையை வழவழப்பாக்கும் அதே டபுள்கார்ட்டினை இழந்த சுண்டெலியில் புறணியின் அடுக்குகள் ஏறத்தாழ இயல்பாகவே அமைந்திருந்தன; நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில்தான் குறை தெரிந்தது. ஏ.எஸ்.பி.எம். மரபணுவும் அப்படியே: மனிதரில் மூளையை மிகவும் சிறுக்கச் செய்யும் பிறழ்வு, சுண்டெலியில் சிறிய பாதிப்பையே உண்டாக்குகிறது. மடிப்புள்ள மூளை கொண்ட, கீரிபோன்ற சிறு விலங்கான ஃபெரட்டில் அதை நீக்கியபோது மூளையின் எடை 40 சதவீதம் வரை குறைந்ததை 2018இல் காட்டினார்கள். மனிதக் கருவின் மூளையில் நியூரான்களைப் பிறப்பிக்கும் இன்னொரு வகையான வெளிப்புற ஆரக் கிளியாக்கள் ஏராளமாக இருக்கின்றன. சுண்டெலியில் அவை மிக அரிது. ஏறத்தாழ 7 கோடி நியூரான்கள் கொண்ட மூளையிடம், 8,600 கோடி கொண்ட மூளையைப் பற்றிய எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நம் எலி தன்னால் சொல்ல முடிந்ததை நேர்மையாகச் சொல்லிவிட்டது. இதற்குப் பிறகும் கேள்வி இல்லாமல் அவற்றைப் பிறக்கவைத்துக் கொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி மனிதக் குருத்தணுக்களிலிருந்து ஆர்கனாய்டு என்னும் சிறு மூளைத்திசு உருண்டையை வளர்க்கப் போகிறோம். ரத்தக்குழாய் இல்லாத, அடுக்குகள் ஒழுங்காக அமையாத அந்த உருண்டையை மூளை என்று அழைக்காதே என்று நீங்கள் சொல்வீர்கள். அழைக்க மாட்டேன். ஆனால் நடுவழியில் நிற்கும் மனித நியூரானை உயிரோடு பார்க்க எனக்குக் கிடைத்திருக்கும் வழி அதுதான்.

உறைகலனின் பதிவேட்டில், வரிசையை உருவாக்கியவர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். இதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிற்காலத்தில் எந்த ஆய்வகமாவது அந்த வரிசையைக் கேட்டால், முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். படிவத்தில் உங்கள் முகவரி மட்டும் காலியாக இருக்கிறது. குறிப்பேடுகளை அனுப்பவும் அது வேண்டும். கையுறைப் பெட்டி மூடியை மட்டும் அனுப்ப மாட்டேன், கேட்காதீர்கள். முகவரியைப் பலரும் பார்க்கும்படி இங்கே எழுத வேண்டாம், ஆய்வகத்திற்கு எழுதுங்கள். மாத இறுதிக்குள் வந்தால் படிவத்தோடு சேர்த்துவிடுவேன். அதற்குப் பிறகு வந்தாலும் சேர்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஜூனியர்