மின்மினி பார்க்க அழைத்துப் போய் ஆளுக்கொரு ஹெட்லைட் கொடுத்தது பற்றிய புகார்

மதுரை,
16 மே 2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தாண்டிக்குடி ‘மின்மினி இரவு நடை’, மே 10 சனிக்கிழமை, நான்கு பேர், கட்டிய தொகை 7,800 ரூபாய்

ஐயா / அம்மா,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறைக்கு மூன்று வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். இயற்கை எங்கள் கையில் இல்லை, மின்மினி வரும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது, அடுத்த பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம். நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. மின்மினி வரவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மின்மினி வந்திருந்தது. அதைப் பார்க்க விடாமல் செய்தவர்கள் நீங்கள். அதனால் இந்த முறை விவரமாகவே எழுதுகிறேன்.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். மே 12 சித்ரா பௌர்ணமி. மதுரையில் இருப்பவர்களுக்குக் காலண்டர் பார்க்கத் தேவையில்லை, அன்றைக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். அதற்கு இரண்டு நாள் முன்னால் நிலா கிட்டத்தட்ட முழுசாக இருக்கும், சூரியன் மறைவதற்கு முன்பே மேலே வந்து நிற்கும். முன்பதிவு செய்யும்போதே இதைப் போனில் கேட்டேன். “மலையில அதெல்லாம் தெரியாது மேடம், மரம் அடர்த்தி” என்றார் உங்கள் ஆள். மின்மினிக்கு இருட்டு வேண்டும், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பல இனங்களின் மின்னல் குறைந்துவிடும், மீதி மின்னுவதும் நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். இந்த நடையைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை. மே கடைசி வாரத்தில் அமாவாசை வருகிறது. சீசன் ஜூன் வரை இருக்கிறது என்று உங்கள் விளம்பரமே சொல்கிறது. ஆனால் பள்ளி விடுமுறையில் சனிக்கிழமை என்றால் டிக்கெட் போகும், அவ்வளவுதானே கணக்கு?

அடுத்து அந்த விளம்பரப் படம். மரத்துக்கு மரம் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள், தரையே தெரியாத அளவுக்கு. கீழே “ஒரே தாளத்தில் மின்னும் கோடிக்கணக்கான மின்மினிகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதிரிப் படம் ஒரே கிளிக்கில் கிடைப்பதில்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் செய்வது. எடுப்பவர்கள் அதை மறைப்பதும் இல்லை. நீங்கள்தான் மறைக்கிறீர்கள். ஒரே தாளத்தில் மின்னுவதும் எல்லா ஊரிலும் நடப்பதல்ல. 2022-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்சிலிப் பக்கம் உலாந்தி வனச்சரகத்தில் அப்படி மின்னியதைப் பற்றிப் பெரிதாகச் செய்தி வந்தது. ஆனைமலையின் சிறப்பைக் காட்டி, தாண்டிக்குடி இருக்கும் பழனி மலைத்தொடருக்கு டிக்கெட் விற்பது என்ன வகை வியாபாரம்? தாண்டிக்குடியின் காபித் தோட்டங்களில் மின்மினி இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லியிருந்தாலே நாங்கள் வந்திருப்போம்.

சரி, அன்று இரவு நடந்ததற்கு வருகிறேன்.

அதிகபட்சம் 12 பேர், பூச்சிகளைப் பற்றி விளக்கும் பயிற்சி பெற்ற வழிகாட்டி, அமைதியான நடை. உங்கள் பக்கத்தில் இருக்கும் வாசகங்கள் இவை. வத்தலக்குண்டிலிருந்து மூன்று வேன் கிளம்பியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பெரும்பாறை தாண்டி மேலே போய் இறங்கியபோது நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றோம். வழிகாட்டி என்று வந்தவர் இருபது வயதுப் பையன். கேட்டதற்கு மறைக்காமல் சொன்னான்: “அக்கா, நான் கேம்ப் ஃபயர் டூட்டி பாக்குறவன். இன்னைக்கு வர வேண்டியவரு வரல, என்னைய அனுப்பிட்டாங்க.”

அப்புறம் அந்த ஹெட்லைட். ஆளுக்கொன்று, உங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சடித்து, ‘நினைவுப் பரிசு’ என்று கொடுத்தார்கள். பளீரென்ற வெள்ளை எல்இடி. நெற்றியில் மாட்டிக்கொண்டு நாற்பது பேரும் தோட்டத்துப் பாதையில் இறங்கியபோது கல்யாண மண்டபத்து வாசல் போல இருந்தது. ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார், யாரும் தடுக்கவில்லை. “பூச்சி எங்கப்பா?” என்று கூட்டம் நச்சரிக்க ஆரம்பித்ததும், பாவம், அந்தப் பையன் பெரிய டார்ச்சை எடுத்து மரத்து மேலெல்லாம் அடித்துத் தேடினான். மின்மினியை டார்ச் அடித்துத் தேடியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

இது வெறும் அழகு கெட்டுப்போன விஷயமும் இல்லை. ஆண் மின்மினி பறந்துகொண்டே தன் இனத்துக்கு உரிய தாளத்தில் மின்னும். புல்லிலோ செடியிலோ உட்கார்ந்திருக்கும் பெண், சரியான இடைவெளி விட்டுப் பதிலுக்கு மின்னும். அந்தப் பதிலைப் பார்த்துத்தான் ஆண் கீழே இறங்கும். வளர்ந்த பூச்சிக்கு ஆயுள் சில வாரங்கள்தான், இணை தேடுவதற்கு அதற்குள் கிடைக்கும் இரவுகளை விட்டால் வேறு வழியில்லை. பக்கத்தில் வெள்ளை வெளிச்சம் விழுந்தால் ஆணின் மின்னலும் தெரியாது, பெண்ணின் பதிலும் தெரியாது. தவிர்க்கவே முடியாமல் வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கைத் தரையை நோக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். டார்ச் முகப்பில் ஒரு சிவப்பு கண்ணாடித் தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் போதும், பத்து ரூபாய் ஆகாது. இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகள் பயணத்துக்கு முன்னால் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னாள். தலைக்கு 1,800 ரூபாய் வாங்கிய உங்கள் தரப்பில் சொல்ல ஆளில்லை.

படம் எடுக்க வசதியாக இருக்கும் என்று பாதையை விட்டு ஓடைக்கரைச் சருகுக்குள் எல்லோரையும் இறக்கிவிட்டதும் உங்கள் ஏற்பாடுதான். மின்மினியின் புழு அந்த ஈரச் சருகிலும் மண்ணிலும்தான் மாதக்கணக்கில் வளர்கிறது, நத்தையைத் தின்று. இறக்கை இல்லாத பெண் பூச்சிகள் உள்ள இனங்களும் உண்டு, அவை காலடியில்தான் கிடக்கும். அடுத்த வருஷத்துச் சரக்கையே மிதித்துக்கொண்டு நடந்தோம் என்றால் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு ஒருவர் இரண்டு மூன்று பூச்சிகளைப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டார். கூட்டம் முழுக்க அந்த பாட்டிலைச் சுற்றி நின்று வீடியோ எடுத்தது. என் அம்மா, “இதைப் பாக்கவா அட்டைக்கடி வாங்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தோம்?” என்று கேட்டார். அவருக்கு 68 வயது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் ‘இயற்கை எங்கள் கையில் இல்லை’ பதிலுக்கு வருகிறேன். கூட்டம் சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு நாங்கள் நான்கு பேர் அம்மாவின் நடைக்கு ஏற்றபடி பின்தங்கி வந்தோம். சத்தம் கேட்டு அந்தத் தோட்டத்துக் காவல்காரர் வந்திருந்தார். “அம்மா, அந்த லைட்ட எல்லாம் அமத்துங்க. பலாமரத்தடியில கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க” என்றார். சில்வர் ஓக்கும் பலாவும் சேர்ந்து நிலவை மறைக்கிற இடம் அது. அமத்தினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணுக்கு இருட்டு பழக வேண்டுமே. கால் மணி நேரத்தில் காபிச் செடிகளுக்கு இடையில் ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் ஓடை நெடுகிலும். எண்ண முடியாத அளவு இல்லை, உங்கள் படம் மாதிரியும் இல்லை. ஆனால் கீழே புல்லில் ஒன்று பதில் மின்னியதை என் மகள் கண்டுபிடித்துக் காட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். அந்தப் பெரியவர், கோடை மழை நன்றாகப் பெய்த வருஷம் பூச்சி அதிகம், தோட்டத்தில் மருந்து அடித்த பக்கம் வராது, அமாவாசையை ஒட்டி வந்தால் இதைப் போலப் பல மடங்கு பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். உங்களிடமிருந்து அவருக்கு ஒரு பைசா போகவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆக, பூச்சி அதே இடத்தில், அதே இரவில், நீங்கள் கூட்டிப்போன பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. பூச்சி உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இருட்டு உங்கள் கையில்தான் இருந்தது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காவல்காரர்தான் வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு நிற்கிறது என்று எங்களைச் சுற்றுப்பாதையில் கூட்டிவந்தார். கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் காட்டுமாடும் யானையும் நடமாடுவது ஊரறிந்த சங்கதி. நாற்பது பேர், அதில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, பாட்டுச் சத்தம், பழக்கமில்லாத ஒரே பையன். 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும் மலைக்கு ஆள் கூட்டிப்போகும் நிறுவனங்கள் இப்படி இருந்தால் என்ன சொல்வது?

கட்டணத்துக்கு வருகிறேன். தலைக்கு 1,800 போக, ‘இ-பாஸ் மற்றும் வனத்துறை அனுமதி’ என்று தலைக்கு 150 ரூபாய் தனியாக வாங்கியிருக்கிறீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ், அரசு இலவசமாகக் கொடுப்பது. அதுவும் வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. வனத்துறை அனுமதியைக் காட்டுங்கள் என்று அன்றே கேட்டேன், ஆபீசில் இருக்கிறது என்றார்கள். நடந்ததோ தனியார் தோட்டத்துப் பாதையில். ‘காட்டு நடை’ என்று விளம்பரத்தில் போட்டதற்கும் அனுமதி என்று பணம் வாங்கியதற்கும் என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? அந்த அனுமதிக் கடிதத்தின் நகல் எனக்கு வேண்டும்.

நான் கேட்பது நியாயமாகவே இருக்கும். வேன் சரியான நேரத்துக்கு வந்தது, ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார். இரவுச் சாப்பாடு நன்றாக இருந்தது, மலைப்பூண்டு போட்ட அந்தக் குழம்பை என் கணவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவற்றுக்காகத் தலைக்கு 500 வீதம் 2,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி 5,800 ரூபாயை நான் பணம் கட்டிய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். கூப்பன் வேண்டாம். விளம்பரத்திலிருந்து அந்தப் படத்தையும் ‘ஒரே தாளம்’ வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய தேதிகளுக்கு இந்த நடையை விற்காதீர்கள். ஹெட்லைட் கொடுப்பதை நிறுத்துங்கள், எங்களுக்குக் கொடுத்த நான்கையும் இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். வழிகாட்டி வேண்டுமென்றால் அந்தக் காவல்காரரைப் போல ஊரில் பழகியவர்களைச் சம்பளம் கொடுத்து வையுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற இரண்டின் பேரிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் வசிக்கும் மதுரையிலேயே போடலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரை ஏற்கெனவே பதிந்துவிட்டேன். பணம் கட்டிய ரசீது, உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அன்று இரவு கூட்டத்தை எடுத்த வீடியோ, உங்கள் வாட்ஸ்அப் பதில் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

கடைசியாக, அந்தப் பையன். தெரியாத வேலைக்கு அனுப்பப்பட்டவன், முடிந்ததைச் செய்தான், பொய் சொல்லவில்லை. இந்தப் புகாரைக் காட்டி அவன் சம்பளத்தில் கைவைத்தீர்கள் என்று தெரிந்தால் அதையும் சேர்த்தே மனுவில் எழுதுவேன்.

இப்படிக்கு,
மே 10 நடைக்கு நான்கு பேருக்கு முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
மதுரை