லிட்மஸ் தாளை நம்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநீரைக் காரமாக்கும் 'காரநீர் இயந்திரம்' விற்க வருவோர், வாடிக்கையாளரின் சிறுநீரில் லிட்மஸ் தாளை நனைத்து, "உடம்பில் அமிலம் ஏறிவிட்டது" என்று பயமுறுத்துகிறார்கள். சிறுநீரக நோயாளிகள் இதை நம்பிவிடுவதுதான் கவலை தருகிறது.

சிறுநீர் அமிலமாக இருப்பது பெரும்பாலும் இயல்புதான். நாம் உண்ணும் புரதத்தால் கிலோ எடைக்குத் தினமும் ஏறத்தாழ 1 மில்லி ஈக்விவலன்ட் (அமில, கார அளவைச் சொல்லும் அலகு) அமிலம் உடலில் சேருகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60. அதை அம்மோனியமாகவும் பாஸ்பேட்டோடு சேர்த்தும் வெளியே தள்ளுவது சிறுநீரகம். நுரையீரலும் கைகொடுப்பதால் இரத்தத்தின் பி.எச். (அமில-கார அளவுகோல், எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழல்களால் அமிலத்தைச் சமன்செய்ய முடியாத 'சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கம்' என்ற நோயில் ஒரு வகை உண்டு. அதில் இரத்தம் அமிலமானாலும் சிறுநீரின் பி.எச். 5.5க்குக் கீழே இறங்காது. தாள் 'நல்ல' நிறம் காட்டும். நோயாளிக்கோ பொட்டாசியம் குறைந்து கைகால் தளரும், சிறுநீரகத்தில் கல்லும் சேரும். தாளைப் பார்த்தால் அவர்தான் ஆரோக்கியசாலி!

நாள்பட்ட சிறுநீரக நோயில், வடிகட்டும் திறன் (ஜி.எஃப்.ஆர்.) நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போகும்போது அம்மோனியம் தயாராவது குறைந்து, இரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டும் காரமான பைகார்பனேட் சரிகிறது. லிட்டருக்கு 22 முதல் 28 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டியது அது. நீண்ட நாள் குறைந்தே இருந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும், தசை மெலியும், பொட்டாசியம் ஏறும். ஆரம்பத்தில் அறிகுறி ஏதும் தெரியாது. ஆனால் பல நோயாளிகளின் ரிப்போர்ட்டில் யூரியாவும் கிரியேட்டினினும் மட்டுமே இருக்கின்றன. எலக்ட்ரோலைட் (இரத்த உப்புகள்) பரிசோதனை என்று எழுதியிருந்தாலும் சோடியம், பொட்டாசியத்தோடு நிறுத்திவிடும் ஆய்வகங்கள் உண்டு. பைகார்பனேட்டையும் கேட்டு வாங்குங்கள். மாதிரிக் குழாய் வெகுநேரம் திறந்து கிடந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி அளவு பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதால், எதிர்பாராத குறைவு வந்தால் ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது.

குறைவு உறுதியானால் மருத்துவர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதுவார். 500 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 6 மில்லி ஈக்விவலன்ட் காரமும் 137 மி.கி. சோடியமும் இருக்கின்றன. அதே பொருள்தானே என்று ஆப்பசோடாவைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். 5 கிராம் ஆப்பசோடா பத்து மாத்திரைக்குச் சமம். அவ்வளவு சோடியம் ஒரேயடியாகப் போனால் இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், இதயம் பலவீனமானவருக்கு மூச்சு முட்டும். "காரம்" என்று இளநீரை அள்ளிக் குடிப்பதும் ஆபத்து. அதில் பொட்டாசியம் மிகுதி, ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். விடாத வாந்தியோ சிறுநீர் பிரியும் மாத்திரையோ சிலருக்கு நேர்மாறாகக் காரத்தைக் கூட்டியிருக்கும். அவர்களுக்கு ஆப்பசோடா கேடு.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் ஜி.எஃப்.ஆர். அளவையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் அந்த மாத்திரை கூடாது. இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடும்.

சிறுநீரக நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினால், அது இரத்தத்தில் அமிலம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். அதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலரோடு காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரக மருத்துவர் ஒருவர்,
மதுரை.